எந்தத் தெரியல?

“தெரியலன்னா எந்தத் தெரியல? கண்ணுக்குத் தெரியலயா, எழுத்தே தெரியாதா?”

கண் பரிசோதனை அறையில் யாராவது “தெரியல” என்றதும் மொழிபெயர்ப்பாளர் ஒரு விரலை உயர்த்தி இப்படித்தான் கேட்பார். டாக்டருக்குத் தமிழ் வராது, நோயாளிக்கு ஆங்கிலம் வராது, நடுவில் இந்த அம்மாள். விடை கிடைக்கும்வரை ஒரு வார்த்தை மொழிபெயர்க்க மாட்டார். டாக்டர் பேனாவைச் சுழற்றிக்கொண்டு காத்திருப்பார். நோயாளிகள் இவருக்கு வைத்திருக்கும் பெயர் ‘எந்தக்கா’.

இவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. இவருக்கு முன்பு அந்த நாற்காலியில் இருந்தவர் எல்லாத் ‘தெரியல’வையும் பார்ப்பதற்கான ஆங்கில ‘சீ’யில் போட்டுத் தள்ளினார். ஆங்கில எழுத்தே படிக்காத ஒரு பெரியம்மா பலகையைப் பார்த்து “தெரியல” என்றாராம். பார்வை போதவில்லை என்று கண்ணாடியைத் தடிப்பாக்கிக்கொண்டே போனார்கள். அந்தக் கண்ணாடியைப் போட்ட பிறகுதான் பெரியம்மாவுக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியாமல் போயிற்று. இன்னொரு பெண் தன் புருஷனைக் காட்டி, “சொன்னா கேக்குறதே இல்ல டாக்டர்” என்று அழுதாள். அவரைக் காது சோதனைக்கு அனுப்பிவிட்டார்கள். செவித்திறனில் குறையே இல்லை என்று சான்றிதழ் வாங்கிக்கொண்டு அந்த மனிதர் ஜம்மென்று வீட்டுக்குப் போனார்.

“வெள்ளைக்காரன் பாக்குறதுக்கே மூணு வச்சிருக்கான். தானா கண்ணுல பட்டா சீ, நாமளாத் திரும்பிப் பாத்தா லுக், பாத்துக்கிட்டே இருந்தா வாட்ச். நாம எல்லாத்தையும் ஒரே சட்டியில போட்டுக் கிண்டுறோம்” என்பார். அதே அறையில் முடிவுகளைப் பதிவு செய்யும் மேசை என்னுடையது. ‘தெரியும்’ என்பதற்கும் நோ, ‘இல்லை’ என்பதற்கும் நோ என்று வைத்திருப்பவனைப் போய் இப்படிப் புகழலாமா என்று ஒருநாள் கேட்டேன். “மொத நோவுல எழுத்துக்கு முன்னால ஒரு கே ஒளிஞ்சிருக்கு” என்று என் வாயை அடைத்துவிட்டார்.

வீட்டிலும் இதே கெடுபிடிதான். அவருடைய கணவர் என்னிடமே புலம்பியிருக்கிறார். அடுப்பில் பால் பொங்கி வழிந்த அன்று, “பாத்தீங்களா, பாத்துக்கிட்டிருந்தீங்களா?” என்று விசாரணை நடந்ததாம். “பாத்தேன்மா, பொங்குச்சு” என்று உண்மையைச் சொல்லியிருக்கிறார். அன்று முழுக்க அவருக்குக் காப்பி கிடைக்கவில்லை.

தொழிலில் ஒரே ஒரு விரதம். நோயாளி சொன்னதைத்தான் சொல்வார், தன் பங்குக்கு ஓர் எழுத்துகூடச் சேர்க்க மாட்டார். ஒரு முதியவர், “பையன் என்னக் கவனிக்கிறதே இல்ல” என்றபோது மட்டும் எந்தக் கவனிப்பு என்று கேட்கவில்லை. மகன் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை, பேணுவதுமில்லை என்று ஆங்கிலத்தில் இரண்டையும் சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார். பதினோரு வருடத்தில் அவர் விரதத்துக்கு வந்த சோதனை அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

போன மாதம் ஒரு பேருந்து ஓட்டுநர் வந்தார். உரிமத்தைப் புதுப்பிக்க இரண்டு கண்ணும் தேற வேண்டும். இடது கண்ணில் புரை. அறுவை என்றாலே அவருக்கு நடுக்கம். “கண்ணுல கத்தி வைக்க விட மாட்டேன் தங்கச்சி. இன்னும் ரெண்டே வருஷம். வண்டி ஓட்டாம எனக்கு இருக்கத் தெரியாது” என்றார். எந்தக்கா அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். அண்ணன் என்று வாய் நிறைய அழைத்தும்விட்டார்.

வலது கண் தேறியது. ஓட்டுநர் அந்தக் கண்ணைப் பொத்திக்கொண்டு, இடது கண்ணால் மேல் வரிகளை மளமளவென்று வாசித்தார்.

“கடைசி வரி தெரியுதாண்ணே?”

“தெரியும் தங்கச்சி.”

எந்தக்காவின் விரல் உயர்ந்தது. “தெரியுதான்னு கேட்டேன்.”

“அதான் தெரியும்கிறேன்ல!”

அந்தப் பலகை பல வருடமாக மாறவில்லை. வாசிப்பவர்களின் குரல் வெளியே வரிசை வரைக்கும் கேட்கும். எனக்கே பாதி மனப்பாடம். எந்தக்கா டாக்டர் பக்கம் திரும்பி, சீயைத் தவிர்த்து, கே ஒளிந்திருக்கும் நோவை அழுத்தி, கடைசி வரியை அவர் அறிவார் என்று ஆங்கிலத்தில் சொன்னார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் தலையாட்டிவிட்டுப் படிவத்தை இழுத்தார். அவருக்குப் பசி நேரம். எந்த நோவாக இருந்தால் என்ன?

பதினோரு வருடம் தேடித் தேடிப் பொறுக்கிய சொல் இப்படிக் காற்றில் போனது. இதற்கு மேல் பேசினால் அது அவருடைய சொந்தப் பேச்சு. பேசாவிட்டால் தினமும் நாற்பத்தைந்து பேர் அந்தப் பேருந்தில் ஏறுவார்கள். எந்தக்காவின் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

“வாசிங்கண்ணே” என்றார். செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் சுவரோரமாக நடந்தார். பலகைக்குப் பக்கத்தில் குனிந்து, கடைசி வரியின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து மூடினார்.

டாக்டர் நிமிர்ந்தார். ஓட்டுநர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். ஒன்றுகூடத் தப்பவில்லை. கடைசி எழுத்தைச் சொல்லிவிட்டு, “சரிதானே தங்கச்சி?” என்று எந்தக்கா எழுந்துபோன வெற்று நாற்காலியைப் பார்த்துச் சிரித்தார். எந்தக்கா கையை எடுக்கவில்லை.