மலைக்குக் கிழக்கே ஒரு கல்

ஒன்பது வயது வரை என் சொந்த ஊர் ஓயாமல் மழை பெய்யும் ஒரு மலை என்று நம்பிக்கொண்டிருந்தேன். பிழைக்க வந்தவர்கள் நிறைந்த மாட்டுங்காவில், எங்கள் கட்டடத்துக் குழந்தைகள் ஒவ்வொருவருக்கும் ஓர் ஊர் இருந்தது. எங்களுக்கும் பாலக்காடு என்று ஒன்று இருப்பதாகக் கேள்வி. யுத்தகாலத்தில் ரயிலில் இடம் கிடைக்காததால் நான் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. அப்பா அதைப் பற்றிப் பேசியதுமில்லை. அவர் பேசியதெல்லாம் ஒரு மலையைப் பற்றி.

அப்பா கோட்டைப் பகுதியில் ஓர் ஆபீசில் ஸ்டெனோ. அவருடைய துரைக்கு வேல்ஸ் தேசத்தில் ஒரு மலைக் கிராமம். துரையும் யுத்தத்தால் ஊருக்குப் போக முடியாமல் மாட்டிக்கொண்டவர். ஏக்கம் தாங்காமல் தன் ஊர்ப் பாறைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதத் தொடங்கினார். எழுதினார் என்றா சொன்னேன்? அவர் சொல்லச் சொல்ல அப்பா எழுதி, டைப் அடித்தார். லோக்கல் ரயிலில் வீடு வந்து சேர்ந்து ரசம் சாதம் பிசையும்போது எங்களுக்கும் அந்த மலை கிடைக்கும். ஏடு ஏடாகப் பிளக்கும் சிலேட்டுப் பாறை, முழங்கால் வரை இழுக்கும் சேற்று நிலம், வெட்டிக் காயவைத்து அடுப்பெரிக்கும் கறுப்பு மண். எல்லாவற்றுக்கும் மேலாக, யுகங்களுக்கு முன் ஒரு பனிக்கட்டி ஆறு சுமந்து வந்து போட்டுவிட்டுப் போன, வீடு அளவுக் கல் ஒன்று. இவ்வளவு ஆசையாக ஒருவர் வேறு யாருடைய ஊரையோ வர்ணிப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பள்ளியில் 'எங்கள் ஊர்' என்று பேசச் சொன்னார்கள். நான் பேசினேன். சேற்று நிலம் வரைக்கும் டீச்சர் பொறுத்துக்கொண்டார். பனிக்கட்டி கொண்டுவந்த கல் மலைக்கு மேற்கே கிடக்கிறது என்றதும் பாலக்காட்டுப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். வாய் கூசாமல் பொய் சொல்கிறாள் என்று அப்பாவுக்கு ஆள் போயிற்று.

அப்பா அரை நாள் லீவு போட்டு வந்தார். டீச்சர் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "கல்லு மேற்கே இல்லடி, கிழக்கே," என்றார்.

திரும்பும் வழியில், "முதல்ல நீங்கதானே மேற்குன்னு சொன்னேள்," என்று அழுதேன். அப்பா கிங்ஸ் சர்க்கிள் ஓரத்தில் நின்றுவிட்டார். துரை முதல் அத்தியாயத்தில் மேற்கு என்றும் நாலாவதில் கிழக்கு என்றும் சொல்லியிருந்தார். அப்பா இரண்டையும் அப்படியே அடித்திருந்தார். "பனி கிழக்கே பாத்துன்னா எறங்கித்து? அப்போ கல்லு எப்படி மேற்கே கிடக்கும்?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

துரையிடமே சொல்லிவிடப் போவதாக அப்பா சொன்னதும் அம்மா பயந்துவிட்டாள். "அவர் ஊரை அவருக்கே நீங்க சொல்லித் தரேளா? வேலைக்கு உலை வைக்காம, குடுத்ததை அடிச்சுட்டு வாங்கோ."

அப்பா மறுநாளே சொல்லிவிட்டார். துரையின் முகம் சிவந்துவிட்டதாம். ஊரில் இருக்கும் அக்காவுக்கு எழுதிக் கேட்கிறேன் என்றாராம். அதன் பிறகு டிக்டேஷனுக்கு அப்பாவைக் கூப்பிடவே இல்லை. கப்பல் தபால் போய் வர மாதக்கணக்கில் ஆனது. அதுவரை எங்கள் வீட்டில் மலை இல்லை. அப்பா தலை நிமிராமல் சாப்பிட்டு எழுந்தார். பிறகு ஒரு நாள் துரை கூப்பிட்டு, விட்ட இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினார். கல்லைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

யுத்தம் முடிந்து, துரை ஊர் போய்ச் சேர்ந்து, புத்தகம் தபாலில் வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. பார்சலைப் பிரித்ததே நான்தான். முன்பக்கத்தில் பாதிரியாருக்கும், அக்காவுக்கும், ஆடு மேய்க்கிறவர்கள் இரண்டு பேருக்கும் துரை நன்றி சொல்லியிருந்தார். மறுபடி மறுபடி தேடினேன். அப்பா பெயர் இல்லை.

அப்பா புத்தகத்தை வாங்கி நேரே முதல் அத்தியாயத்துக்குப் போனார். ஒரு வரியின் அடியில் விரலை வைத்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டார். கை ஈரத்தைப் புடவையில் துடைத்தபடி வந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது.

"கிழக்கேன்னு போட்டிருக்கா," என்றார் அப்பா.

அம்மா அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த வாரம் முழுக்க வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காப்பியோடு அந்த வரியும் கிடைத்தது. அப்பாவின் குரலில் அப்படியொரு பெருமையை நான் அதுவரை கேட்டதில்லை.

பாவம், சந்தோஷத்தில் முன்பக்கத்தைப் பார்க்க மறந்துவிட்டார் என்று நினைத்தேன். இனியும் அவர் கண்ணில் படக் கூடாதென்று, அந்தத் தாளைச் சோற்றுப் பசை தடவி அட்டையோடு சேர்த்து ஒட்டிவிட்டேன். ஏன் ஒட்டினாய் என்று அப்பா கடைசி வரை கேட்கவில்லை.