இரண்டாவது கையெழுத்து

அண்ணியைப் பற்றி நாத்தனார் நல்லது சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும், எனக்கென்ன!

பத்தொன்பது வருஷமாக என் அண்ணனும் அண்ணியும் மருந்துக்கடை நடத்துகிறார்கள். இருவருமே அதற்கென்று படித்தவர்கள். கடையில் ஒரு விதி உண்டு. ஒருவர் மருந்தை எடுத்து உறையில் போட்டு, சாப்பிடும் முறையை எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். மற்றவர் அதை டாக்டர் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து இரண்டாவது கையெழுத்துப் போடவேண்டும். அது இல்லாமல் இருமல் மருந்துகூட வெளியே போகாது. விதியைக் கொண்டுவந்தவள் அண்ணி. அதனால் அண்ணன் அவளை 'இன்ஸ்பெக்டரம்மா' என்றுதான் கூப்பிடுவான்.

அண்ணிக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். வந்தால் அண்ணனோடு பேச்சை நிறுத்திவிடுவாள். அந்த நாட்களில் கடையைப் பார்க்கவேண்டும்! அவன் நீட்டும் ஒவ்வொரு உறையையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். "சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா? அதை யாரு எழுதுவா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்பாள். அண்ணனும் லேசுப்பட்டவனில்லை. அவள் எடுத்த மாத்திரையின் தேதியை உரக்க மூன்று தரம் வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவான். சண்டை நாட்களில் அந்தக் கடையில் ஒரு சின்னத் தவறுகூட நடந்ததில்லை.

போன மாதம், அண்ணி குறட்டை விடுவதைக் கடைக்கு வந்தவர்கள் முன்னால் அண்ணன் சொல்லிச் சிரித்துவிட்டான். அவ்வளவுதான், பதினொரு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் நான்தான் போய்க் கெஞ்சிக் கூத்தாடிச் சமாதானம் செய்துவைத்தேன். சும்மா இருந்திருக்கலாம்.

மறுநாள் என் மூட்டுவலிக்கு டாக்டர் எழுதித் தந்த சீட்டோடு கடைக்குப் போனேன். இரண்டு பேரும் புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் மாதிரி சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சுவாக்கில் அண்ணன் உறைமேல் 'தினம் ஒன்று' என்று எழுதினான். அண்ணி அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்தபடியே கையெழுத்துப் போட்டாள். சீட்டில் இருந்தது வாரம் ஒன்று. டாக்டரும் சொல்லித்தான் இருப்பார், வலியில் என் காதில் ஏறவில்லை. உறையில் இரண்டு கையெழுத்து இருந்தது. எனக்கு வேறென்ன வேண்டும்?

ஆறாம் நாள் வாயெல்லாம் புண். தண்ணீர்கூட இறங்கவில்லை. களிம்பு வாங்கக் கடைக்குப் போனேன். அண்ணி என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள்.

"அந்த மூட்டுவலி மாத்திரை எத்தனை மிச்சம் இருக்கு?"

"எட்டுல ரெண்டு."

அண்ணிக்குப் பேயறைந்தது போல் ஆகிவிட்டது. "ஒண்ணுதாண்டி முடிஞ்சிருக்கணும்," என்றாள். கல்லாவைக்கூடப் பூட்டாமல் என்னை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

ரத்த அணுக்கள் பாதிக்குமேல் குறைந்திருந்தன. ஊசிமேல் ஊசி. "நாலு நாள் போகாம எதுவும் சொல்ல முடியாது," என்றார் டாக்டர். அந்த நாலு நாளும் அண்ணி என் கட்டிலை விட்டு நகரவில்லை, பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. எனக்கு அவர்கள்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. செத்தால் பேயாக வந்து உங்கள் கல்லாவில் உட்காருவேன் என்று, வாய் திறக்க முடியாததால் மனதுக்குள் திட்டினேன். ராத்திரி அவள் குறட்டைச் சத்தம் கேட்காதா என்றும் ஏங்கினேன். அவள் தூங்கவே இல்லை.

ஐந்தாம் நாள் அணுக்கள் மெல்ல ஏறத் தொடங்கின. பிழைத்துவிட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனதும், அண்ணி பையிலிருந்து கடையின் பிழைப் பதிவேட்டை எடுத்தாள். அண்ணன் கதவைச் சாத்தினான்.

"இது வீட்டு விஷயம். இவ யார்கிட்டயும் சொல்லமாட்டா. எழுதி வச்சா சோதனைக்கு வர்றவங்க கடையையே மூடச் சொல்லிடுவாங்க."

"மூடட்டும். வேற யாராவதா இருந்தா எங்கயாவது ஒரு களிம்பை வாங்கித் தடவிக்கிட்டு, மிச்ச ரெண்டையும் முழுங்கியிருப்பாங்க. நமக்குத் தெரிஞ்சே இருக்காது."

நானும் வாய்ப்புண்ணோடு, "விடுங்க அண்ணி," என்று குழறினேன். "நீ பேசாம படு," என்று ஒரு அதட்டல் போட்டாள்.

தேதி, மருந்து, நடந்த தவறு எல்லாம் எழுதினாள். 'காரணம்' என்ற கட்டத்தில் பேனா வெகுநேரம் நின்றது. பிறகு ஒரே வரி எழுதி அண்ணனிடம் நீட்டினாள். படுத்திருந்த எனக்கும் அது தெரிந்தது. 'எழுதியவர் என் கணவர் என்பதால் நான் பார்க்கவில்லை.'

"இதை மட்டும் வேற மாதிரி எழுதேன்," என்றான் அண்ணன்.

"வேற காரணம் இல்லையே."

அண்ணன் பேனாவை வாங்கிக்கொண்டான். அந்த வரியை உரக்க மூன்று தரம் வாசித்தான். பிறகு கீழே இரண்டாவது கையெழுத்தைப் போட்டான்.