அளவுக்கு உட்கார்ந்தவர்

டைப் டீச்சர் என்றால் அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். முப்பது வருடம் டைப் சொல்லிக்கொடுத்தவள். அவளுக்கென்று சொந்தமாக இருந்தது ஒன்றே ஒன்று, அப்பா விட்டுப்போன இரண்டு கதவுக் குட்டிக் கார். பத்தொன்பது வயதில் அதில்தான் ஓட்டப் பழகினாள். கல்யாணத்துக்குப் பிறகு வண்டி வீட்டு முகப்பில் தார்ப்பாய்க்குள் முடங்கியது. அவள் பஸ்ஸுக்கு நிற்கப் பழகிக்கொண்டாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள் கணவரிடம் கேட்டாள். அவர் பம்ப் கம்பெனியில் ஃபிட்டராக இருந்தவர்.

"ஏங்க, அந்த வண்டிய ஓடுற மாதிரி பண்ணிக் குடுங்களேன். எனக்கு மறுபடியும் ஓட்டணும்."

"அதுக்கென்ன, ஆறே மாசம்."

ஆறு மாதம் ஒன்பது வருடமாயிற்று. வண்டியின் தரையில் துருப்பிடித்த ஓர் ஓட்டையை அடைக்கப் போனவர், கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாக, தரைத் தகட்டையே வெட்டி எடுத்தார். அதற்கப்புறம் கை சும்மா இருக்கவில்லை. பழைய இன்ஜினுக்கு இழுவை போதாதாம். வேறொரு வண்டியின் பெரிய இன்ஜினை வாங்கி வந்து மாட்டினார். அதற்கேற்ற முரட்டுக் கிளட்ச், அகல டயர், சின்ன ஸ்டியரிங் என்று ஒவ்வொன்றாக வந்தன. அவருக்குத் தொழில் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தெரிந்ததுதான் வினை.

அவளும் கூடவே மாடாக உழைத்தாள். பிரேக் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற, பெடலை மிதிக்க இன்னொரு ஆள் வேண்டும். சீட் இல்லாத வண்டிக்குள் கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்துகொண்டு, அவர் கீழேயிருந்து "அமுக்கு" என்றால் அமுக்குவாள், "விடு" என்றால் விடுவாள். கால் கடுத்தாலும் வாயைத் திறக்க மாட்டாள். நம்ம வண்டிதானே என்ற நினைப்பு.

அவள் தங்கை வீட்டுக்கு ஒரு வாரம் போயிருந்தபோது சீட்டைப் பொருத்தினார். முன்னே பின்னே நகர்த்தும் கம்பி லொடலொடக்கிறது என்று அதைக் கழற்றிப் போட்டார். தானே உட்கார்ந்து, காலை நீட்டி அளவு பார்த்து, தரையோடு வெல்டிங் வைத்துவிட்டார். ஆள் ஆறடி. அவளோ ஐந்தடிக்கும் கீழே.

வண்டி தயாரான காலை, தலை வாரிக்கொண்டு வந்து ஏறினாள். ஏறியவள் சீட்டுக்குள் அமிழ்ந்தே போனாள். கிளட்ச் எட்டவில்லை. முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்தார். எட்டியது, ஆனால் அமுங்கவில்லை. இரண்டு காலையும் வைத்து மிதித்தாள். பாதிக்கு மேல் போகவில்லை.

"நல்லா மிதி. கொஞ்சம் டைட்டுதான்."

"முடியலீங்க. இதையெல்லாம் மாத்த முடியாதா?"

"மாத்தணும்னா தரையவே மறுபடி வெட்டணும். போட்ட பெயின்ட் அத்தனையும் போயிடும். விடு, நான் ஓட்டுறேன். நீ பக்கத்துல ராணி மாதிரி உக்காரு. எங்க போகணும், சொல்லு."

"எனக்கு எங்கயும் போக வேணாம். ஓட்டணும்னுதான் கேட்டேன்."

"அப்ப இத்தனை வருஷம் நான் யாருக்காகச் செஞ்சேன்?"

"அளவு பாக்க யாரு உக்காந்தாங்களோ, அவங்களுக்காக."

அவர் முகம் சுண்டிப்போனது. அதுவும் ஒரு நிமிடம்தான். அவள் இறங்கியதும் தலையணைகளை வெளியே எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். முதல் திருகலிலேயே இன்ஜின் உறுமியது. சத்தம் கேட்டுத் தெருவே வாசலுக்கு வந்தது. வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறவர் முகத்தில் மாப்பிள்ளைக் களை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எதிர்வீட்டுக்காரி தெருவைத் தாண்டி வந்தாள். "டீச்சரம்மா, உங்களுக்காகன்னு ஒம்பது வருஷம் ஒழைச்சிருக்காரு. யாருக்குக் கெடைக்கும்? நீங்க குடுத்து வச்சவங்க."

"ஆமாங்க" என்றாள் டீச்சர். கிளட்ச் அமுங்காதபோதுகூடக் கலங்காத கண், அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்போது நிறைந்துவிட்டது. ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து, எதிர்வீட்டுக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.