ஹெட்ஃபோன் கொண்டு வரவும்

சதுரங்கப்பட்டினம் கோட்டையில், டச்சுக்காரர்களின் கல்லறைகளுக்கு நடுவே உட்கார்ந்து, எங்கள் லினக்ஸ் கணினிக் குழுவின் அடுத்த கூட்டத்தில் எதைப் பற்றிப் பேசுவது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். வாடகை கேட்காத இடம், நிழலும் உண்டு. மூன்றே பேர். சிறுசேரியில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத நான், கோவளத்திலிருந்து பைக்கில் வரும் என் நண்பன், அணுசக்தி நகரியத்தில் குடியிருக்கும், எங்களைவிட வயதில் மூத்த அண்ணன் ஒருவர்.

நண்பனுக்குக் கை சும்மா இருக்காது. பழைய நோட்டீஸ் ஒன்றைத் திருப்பி ஒரு கல்லறைக் கல்லின் மேல் வைத்து, பென்சிலைப் படுக்கப் போட்டுத் தேய்த்தான். கல்லில் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. உப்புக்காற்று எல்லாவற்றையும் தின்றிருந்தது. ஆனால் தாளில் எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன.

“பாரு மச்சான், ஆளு உள்ளாறதான் கீறாரு,” என்றான்.

நான் துள்ளி எழுந்தேன். “டாபிக் கெடைச்சிடுச்சு! அழிச்ச ஃபைலை மீட்கறது!”

“மொதல்ல கல்லு மேலருந்து காலை எடுடா,” என்றார் அண்ணன்.

கணினியில் ஒரு கோப்பை அழித்தால் அது உடனே அழிவதில்லை. அது இருந்த இடம் காலி என்று குறித்துக்கொள்வதோடு சரி. அங்கே வேறொன்று எழுதப்படும்வரை பழையது அது பாட்டுக்குக் கிடக்கும். அதைத் தோண்டி எடுக்கும் கருவிகள் இருக்கின்றன, இலவசமாக, யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடியவை. எங்கள் குழுவுக்கு இதைவிட என்ன வேண்டும்? அதோடு எங்களுக்கு ஒரு விதி உண்டு: வெறும் ஸ்லைடு காட்டிப் பேசக் கூடாது, எல்லார் எதிரிலும் ஓட்டிக் காட்ட வேண்டும். அதனால் நோட்டீஸில் கடைசியாக ஒரு வரி சேர்த்தேன்: ‘பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால் எடுத்து வாருங்கள்.’ செங்கல்பட்டிலும் மாமல்லபுரத்திலும் இருந்த பிரவுசிங் சென்டர்களில் ஒட்டினோம்.

செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்குப் பின்னால் மாடியில் ஒரு கணினிப் பயிற்சி மையம். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு விட்டுக்கொடுப்பார்கள். அன்று வந்தவர்கள் பெரும்பாலும் எப்போதும் வருகிற கல்லூரிப் பையன்கள். டிஸ்க் எடுத்து வந்தவர் ஒரே ஒருவர். மாமல்லபுரத்தில் பள்ளி ஆசிரியை. மஞ்சப்பையிலிருந்து ஒரு துண்டைப் பிரித்து, உள்ளே இருந்த டிஸ்க்கை அண்ணனிடம் இரண்டு கையாலும் கொடுத்தார்.

“என் பையனுதுங்க. போன வருஷம் ஈ.சி.ஆர்ல பைக்ல...” என்று நிறுத்திக்கொண்டார். பிறகு, வைரஸ் வந்ததென்று அக்கா மகன் ஃபார்மட் செய்துவிட்டான், அதில் எல்லாம் போய்விட்டது என்றார்.

அண்ணன் டிஸ்க்கை மாட்டிக்கொண்டிருக்க, நான் பேச ஆரம்பித்துவிட்டேன். ஒரு வாரமாக ஆபீஸ் கேப் வண்டியில் வரும்போதெல்லாம் மனப்பாடம் செய்த தொடக்கம் அது. “முதல் பாடம். தொலைஞ்சதுன்னு தெரிஞ்ச உடனே மெஷினை அணைச்சிடுங்க. ஒவ்வொரு தடவை போடும்போதும் அது தன் வேலைக்கு எதையாவது எழுதும். அது எழுதற இடம், நீங்க தேடற இடமாவும் இருக்கலாம்.”

இரண்டாவது வரிசையில் டீச்சர் மஞ்சப்பையை மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பது நின்றது.

கருவி ஓடியது. இப்படி மீட்கும்போது கோப்புகளுக்குப் பழைய பெயர் திரும்பி வராது, வெறும் எண்கள்தான். எண் எண்ணாகப் புரொஜெக்டர் வழியே சுவரில் படங்கள் வந்தன. பாதி வானம். கல்யாணப் பந்தல். ஒரு பையன், நெற்றியும் கண்ணும் மட்டும். மூக்குக்குக் கீழே சாம்பல் பட்டை.

அப்புறம் ஒரு ஒலிக்கோப்பு. நான்தான் அழுத்தினேன்.

“அம்மா, இங்க வா. இதுல பேசு. பேசினா கோடு ஏறும் பாரு.”

“போடா, அடுப்புல பால் இருக்கு.” டீச்சரின் குரல். சிரிப்பு.

“ஏதாவது சொல்லும்மா. சும்மா சொல்லு—”

அதோடு ஒரே இரைச்சல். கடைசிவரை இரைச்சல்.

டீச்சர் சுவரையே பார்த்தபடி கேட்டார்: “அப்புறம் நான் என்ன சொன்னேன்?”

பிறகு என் பக்கம் திரும்பினார். “ஸ்கூல் விட்டு வந்ததும் தினமும் போட்டுப் பார்ப்பேன் தம்பி. எங்கேயாவது ஒரு ஃபோல்டர்ல இருக்கும்னு. அதனாலயா?”

“இல்லீங்க டீச்சர்,” என்றார் அண்ணன் அவசரமாக. “ஃபார்மட் பண்ணப்பவே போயிருக்கும்.”

“நான் தம்பியைக் கேட்டேன்.”

எதைக் கேட்டாலும் முந்திக்கொண்டு பதில் சொல்லிப் பழகிய வாய் எனக்கு. “தெரியாதுங்க டீச்சர்,” என்றேன். அதுதான் உண்மை. ஒரு பெரிய ஒலிக்கோப்பு ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. மீதி அழிந்தும் போயிருக்கலாம், டிஸ்க்கின் வேறு மூலையில் கிடக்கவும் செய்யலாம். அதையும் சொன்னேன்.

“அப்ப கிடக்குதான்னு பாருங்க,” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். மஞ்சப்பை நாற்காலியிலேயே இருந்தது.

அண்ணன் அன்றே டிஸ்க்கை அப்படியே நகல் எடுத்துவிட்டார். இனி அதில் ஒன்றும் எழுதப்படாது. எங்கள் மூவரிடமும் ஆளுக்கொரு நகல். அன்றிலிருந்து கேபில் கண்ணை மூடினால் எனக்கு அந்த “சும்மா சொல்லு” கேட்கிறது. நாவலூர் தாண்டி, வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும்போது பால் பொங்கியிருக்குமா என்றுகூட யோசிக்கிறேன். நண்பனுக்கும் அப்படித்தான் போலிருக்கிறது. “பேஜாரா கீது மச்சான். வூட்ல அம்மா கூப்டா தூக்கிவாரிப் போடுது,” என்றான்.

போன வாரம் மறுபடியும் கோட்டையில் கூடினோம். அடுத்த மாதம் பேச்சாளர் வேண்டாம் என்று முடிவு. டிஸ்க் முழுக்கத் தேடி, குரல் போலத் தெரிகிற துண்டுகளை மட்டும் பிரிக்கும் கணினி நிரலொன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். பாதி ஓடுகிறது, காற்றுச் சத்தத்தையும் குரல் என்று பிடித்துக்கொண்டு வருகிறது. கூட்டத்துக்கு வருகிறவர்கள் துண்டுகளை ஆளாளுக்குப் பங்கு போட்டுக் காதால் கேட்பது. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நிரலைக் குழுவில் எல்லாருக்கும் கொடுத்துவிடுவது.

“டீச்சர் குரல் நமக்கு அடையாளம் தெரியுமா?” என்றார் அண்ணன். “ஒரு வார்த்தையாத்தான் இருக்கும். அவங்களே வந்தாத்தான் தெரியும்.”

“நாளெல்லாம் கேட்டும் ஒண்ணும் வரலைன்னா?” என்றான் நண்பன்.

சனிக்கிழமை மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு நான்தான் மாமல்லபுரம் போய் டீச்சரிடம் கேட்க வேண்டும், வருகிறீர்களா என்று. நோட்டீஸ் எழுதியாகிவிட்டது. தலைப்பு போடவில்லை. கடைசி வரி மட்டும் பெரிய எழுத்தில்: ‘ஹெட்ஃபோன் கொண்டு வரவும்.’