பன்னிரண்டு மூட்டைச் சுண்ணாம்பு

புன்னம் கல்யாணமாகிப் பொங்வா மலைக்கு வந்த வருஷம், அவள் புருஷன் தேசிக் அவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். சோறு குழைந்தாலும் பரவாயில்லை, கிம்ச்சி ஊறுகாய் கெட்டாலும் பரவாயில்லை, வாயை மட்டும் கட்டு. பிளந்த பாறைக்கு மேலே, பைன் மரத்தடியில், பொன் விலைக்குப் போகும் சோங்கிக் காளான் முளைக்கும் இடம் ஒன்று அவனுக்குத் தெரியும். அந்த ஊரில் சோங்கி இடத்தைப் பெற்ற பிள்ளையிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். வயலை எழுதி வைப்பார்கள், வீட்டை எழுதி வைப்பார்கள், இதைச் சொல்லாமலே செத்துப்போவார்கள்.

"பொண்டாட்டிகிட்ட சொன்னவன் ஊருக்கே தமுக்கு அடிச்சவன்னு எங்கப்பா சொல்வாரு. நான் உங்கிட்ட சொல்லிட்டேன். பாத்துக்க" என்றான்.

அன்பினால் சொல்கிறான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். சருகு வார இன்னும் இரண்டு கை வேண்டியிருந்தது, அதனால் சொன்னான்.

அந்தச் சரிவில் இருப்பது மண்ணே அல்ல, உதிர்ந்த பாறைப்பொடி. நாக்கில் வைத்தால் புளிக்காது, ஆனால் செடிகளுக்குத் தெரியும் அது புளித்த மண் என்று. பைன் ஊசிகள் விழுந்து விழுந்து அதை இன்னும் புளிக்கவைக்கும். காட்டு அசேலியாப் புதரும் பெரணியும் தவிர வேறு எதுவும் எட்டிப் பார்க்காது. முள்ளங்கி போடுகிறவன் காறித் துப்பிவிட்டுப் போவான். சோங்கிக்கு அந்தத் தரித்திரம்தான் வேண்டும். சருகு கனமாக மக்கி மண் கொழுத்துவிட்டால் ஓக் கன்றுகள் தலைதூக்கும், வேறு காளான்கள் குடியேறும், சோங்கி போன இடம் தெரியாது. ஆகவே முப்பத்தொரு வருஷம் புருஷனும் பெண்டாட்டியும் சருகை வாரி, ஓக் கன்றைப் பிடுங்கி, அந்த இடம் பணக்கார மண் ஆகிவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். ஊரில் எல்லாரும் ஏழ்மையை ஒழிக்கப் பாடுபட்டார்கள், இவர்கள் இருவர் அதைக் கட்டிக் காத்தார்கள்.

ஒரு முறை, குளிர் தாங்காமல், புன்னம் சரிவிலேயே சுள்ளி மூட்டிப் பார்லித் தண்ணீர் கொதிக்கவைத்தாள். சாம்பலைத் தள்ளிக் கொட்டினாள். அவ்வளவுதான். அந்தப் பக்கம் மூன்று வருஷம் ஒரு காளான் எழவில்லை.

"சாம்பலும் சுண்ணாம்பும் ஒண்ணுதாண்டி! புளிப்ப முறிச்சிடும். மண்ணுக்குள்ள காளான் வெள்ளை நூலா ஓடுதே, பைன் வேரப் புடிச்சுக்கிட்டு, அது செத்துச்சுன்னா உங்கப்பன் வந்து உயிர் குடுப்பானா?" மூன்று வருஷமும் சோற்றுக்கு உட்காரும்போதெல்லாம் புருஷனிடமிருந்து இதே பாட்டு. அவளும் தன் தப்புதான் என்று கேட்டுக்கொண்டாள்.

அதைவிடப் பெரிய வலி ஒன்று உண்டு. அவள் கூடப்பிறந்த அண்ணன் இல்தோ, மனைவி படுத்த படுக்கையாகிவிட்ட வருஷம், பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து நடந்தே வந்தான்.

"ஒரே ஒரு வருஷத்துக்கு அந்த எடத்தக் காட்டு தங்கச்சி. அடுத்த வருஷம் நான் அந்தப் பக்கம் தலவச்சும் படுக்கமாட்டேன்."

"எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணே."

"ஒன் நகத்துல பைன் பிசின் ஒட்டியிருக்கு. ஒண்ணும் தெரியாதுங்கற" என்றான் இல்தோ. செருப்பை மாட்டிக்கொண்டு போனவன், பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. பதினாறு வருஷம் ஆகிறது. புருஷனுக்குக் கொடுத்த வாக்குக்காகக் கூடப்பிறந்தவனை விட்டாள். அதில் அவளுக்கு ஒரு கர்வம்கூட இருந்தது.

பிள்ளை இல்லாத வீடு. தேசிக் மூன்றாம் மாதத்தில், மலையில் பனி கரையும்போது, மார்வலி வந்து போய்ச் சேர்ந்தான். தேகு நகரில் டயர் கடை வைத்திருக்கும் அவன் தம்பி மன்சிக் வந்து காரியங்களை எடுத்துக்கொண்டான்.

"அண்ணி, அண்ணன் எனக்குப் போன வருஷமே கடுதாசி போட்டிருக்காரு. பொளந்த பாறைக்கு மேல, மூணு கிளையா நிக்கிற பைன் மரத்துப் பக்கத்துல தன்னைப் பொதைக்கணும்னு."

புன்னம் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். நான் தினம் வருகிற இடத்தில் படுத்திருக்க ஆசைப்பட்டாரே என்று அழுதாள். வாழ்ந்த நாளில் ஒரு நல்ல வார்த்தை சொல்லாத மனுஷன், சாகும்போது சொல்லிவிட்டுப் போயிருக்கிறான் என்று நெஞ்சு நிறைந்தது.

பாடையின் பின்னே மலையேறிப் போய்ப் பார்த்தால், குழியருகே பன்னிரண்டு மூட்டைச் சுண்ணாம்பு. அந்தப் பக்கத்தில் பிணப்பெட்டியைச் சுற்றிச் சுண்ணாம்பும் மண்ணும் கலந்து காலால் மிதித்து இறுக்குவார்கள், மரவேர் உள்ளே வராதிருக்க. பெட்டிக்குள் வேர் ஏறினால் செத்தவனுக்குத் தூக்கமில்லை என்பார்கள். அதற்கு மூன்று மூட்டை தாராளம்.

"மிச்சம் எதுக்கு?" என்றாள்.

"சரிவு பூரா தூவச் சொல்லியிருக்காரு. எனக்கும் புரியல அண்ணி" என்று மன்சிக் கடிதத்தை நீட்டினான்.

தேசிக்கின் கையெழுத்துதான். 'சுண்ணாம்பைச் சுற்றிலும் இருபதடிக்குக் குறையாமல் போடு. காசு பார்க்காதே. ஏன் என்று கேட்காதே. எனக்குப் பிறகு இது அவள் அண்ணன் வீட்டுக்குப் போகக் கூடாது.'

அறுத்த விரலுக்குச் சுண்ணாம்பு தராத மனுஷன், பன்னிரண்டு மூட்டை தந்திருக்கிறான். 'இது' என்றால் எது என்று அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். முப்பத்தொரு வருஷம் முதுகு ஒடியச் சருகு வாரியும், அவள் அவனுக்கு இல்தோவின் தங்கையாகவே இருந்திருக்கிறாள். அந்த இடத்தை அவளிடம் விடுவதைவிடக் கொன்றுவிடுவது மேல் என்று நினைத்திருக்கிறான். நம்பவைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்களே, அது இதுதான். அழுகை நின்றுவிட்டது.

மிதிக்கிற ஆட்கள் கைகோத்து வட்டமாக நின்றார்கள். அவர்களின் தலையாள், பே என்பவன், முதல் மூட்டையின் வாயைப் பிரித்தான். சும்மா இருந்தால் இடம் சாகும். வாயைத் திறந்தால் இடம் ஊருக்குப் போகும். இரண்டிலும் அவளுக்கு எதுவும் மிஞ்சாது.

"பே அண்ணே, நிறுத்துங்க. இது சோங்கி எடம்" என்றாள்.

கையை நீட்டி எல்லையைக் காட்டினாள்.

"நீங்க நிக்கிற எடத்துலேருந்து அந்தக் கருப்புப் பாறை வரைக்கும். ஒம்பதாம் மாசம் வாங்க. மண்வெட்டி கடப்பாரைன்னு இரும்பு கொண்டாராதீங்க, காளானக் கையால எடுத்துட்டு அந்தக் குழிய மூடிடுங்க. வருஷா வருஷம் சருகு வாரணும். சுண்ணாம்பு விழுந்தா எல்லாம் செத்துடும்."

அதுவரை தொம்தொம்மென்று நடந்த ஆண்கள் முட்டைமேல் நிற்பவர்களைப் போலக் காலைப் பதனமாகத் தூக்கி வைத்தார்கள். பே மூட்டையை மறுபடி கட்டினான்.

"குழிக்கு மூணு மூட்டையாவது போடலாமே அண்ணி!" மன்சிக் கிட்டத்தட்ட அழுதான். "வேர் ஏறிடுமே! அண்ணன் நிம்மதியாக் கெடக்க வேணாமா?"

"ஒரு கைப்பிடி கூடாது. மழையில எறங்கிடும்."

மன்சிக் தலையாளைப் பார்த்தான். பே மரத்தடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பேர் ஏற்கெனவே மூட்டைகளைத் தோளில் ஏற்றிக் கீழே இறங்கத் தொடங்கியிருந்தார்கள்.

பெட்டியை வெறும் மண்ணில் இறக்கினார்கள். பக்கவாட்டில் அறுபட்ட பைன் வேர்கள் ஈரமாக நீட்டிக்கொண்டிருந்தன. புன்னம் இரண்டு கையாலும் அந்தப் புளித்த மண்ணை அள்ளி, குழியோரம் குந்தி, பெட்டிமேல் போட்டாள்.

"முப்பத்தொரு வருஷம் இந்த வேருக்கு நான் காவல் இருந்தேன்" என்றாள் பெட்டியைப் பார்த்து, எல்லார் காதிலும் விழும்படி. "இனிமே அது வந்து உங்களப் பாத்துக்கும்."