மடுவத்துக்கு வெளியே நின்ற அம்மா

ஆசிரியர் அறையின் தகரக் கூரையில் மழை இரைந்தது. புதிதாக வந்த ஆசிரியையைப் பற்றி என்னோடு படிப்பிக்கும் ஒருத்தி தணிந்த குரலில் தொடங்கினாள்.

என் சின்ன வயதில், நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்திலும் இதே இரைச்சல்தான். பெண்கள் யாரைப் பற்றியாவது புறம்பேசத் தொடங்கினால், அம்மா கூடையோடு மழைக்குள் போய் நிற்பார்.

“என்னடி மேரி, புள்ளய பெத்துட்டு கன்னியர் மடத்துக்கு சிஸ்டரா போகப் போறியா?” என்று சிரிப்பார்கள்.

“கேட்டா மனசுல குந்திக்கும் அக்கா. ஜெபம் பண்ணுறப்ப அதுதான் முன்னுக்கு வந்து நிக்கும்.”

படிக்காததால்தான் அம்மா அப்படிப் பயப்படுகிறார் என்று அப்போது நினைத்தேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான்.

இப்போது ஆசிரியர் அறையில், அம்மாவை நினைத்துக் கூசிப்போய் எழுந்து கதவுவரை சென்றேன். மழை இரைச்சலில், புறம்பேசிக்கொண்டிருந்தவள் சொல்வது சரியாகக் கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.