ஏரிக்கரை சுத்து

போன டிசம்பர் முப்பத்தொன்னாம் தேதி என் சைக்கிள் மீட்டர் காட்டின நம்பர் ஐயாயிரத்து நூத்தி நாப்பது. ஒரு வருஷத்துல நான் மிதிச்ச கிலோமீட்டர். கம்பெனிக்குப் போறதுக்கு இல்ல, அதுக்கு பஸ் வருது. மூட்ட ஏத்தறதுக்கும் இல்ல. சும்மா போயி சும்மா வர்றதுக்கு. எங்க காலனியில இத கேட்டவங்க, வேல இல்லாதவன் பூனைய புடிச்சி செரச்ச கதையா கீதேன்னு சிரிச்சாங்க. சிரிக்கட்டும். எங்கப்பா ஆயுசுக்கும் சைக்கிள் மிதிச்சது அடுத்தவன் நெல்லுக்கும் அடுத்தவன் உரத்துக்கும். எனக்குன்னு, என் இஷ்டத்துக்கு மிதிச்சேன்னு சொல்ல ஒரு நம்பர் வேணும். அது ஐயாயிரத்துக்கு மேல இருக்கணும். அந்த வெறியிலதான் வருஷம் பூரா ஓட்டினேன்.

மீட்டர்னா ஒன்னும் பெருசா இல்ல. முன் சக்கரத்துல ஒரு சின்ன காந்தம், ஹேண்டில்பார்ல ஒரு பெட்டி. சக்கரம் சுத்தறத எண்ணிக்கினே இருக்கும். பேட்டரி போனா நம்பரும் போயிடுமோன்னு எனக்கு பயம். அதனால தினம் காலண்டர் தாள கிழிச்சி, பின்பக்கம் அன்னிக்கி ஓட்டின தூரத்த எழுதி, கம்பியில குத்திடுவேன். "ரேஷன் கடையில கூட இவ்ளோ சீட்டு இல்ல"ன்னு என் பொண்டாட்டி கிண்டல் பண்ணுவா.

கூட ஓட்ட ஒருத்தன் இருந்தான். ஊர்த்தெருக்காரன். ஒன்னாவதுலேர்ந்து பத்தாவது வரைக்கும் ஒரே கிளாஸ், இப்ப ஒரே கம்பெனி பஸ். அவங்களுக்கு நெலம் இருந்துச்சி, எங்களுக்கு அந்த நெலத்துல வேல இருந்துச்சி. அவன்தான் மொதல்ல கியர் சைக்கிள் வாங்கினான், அடுத்த மாசமே நானும் வாங்கினேன். காலையில உத்திரமேரூர் பக்கம், லீவு நாள்ல மாகறல் வரைக்கும். மாகறல் ஆத்தங்கரையில ஒக்காந்து ஒரே பாட்டில்ல தண்ணி குடிப்போம். நான் வாய் வெச்சத அவனும் வாய் வெச்சித்தான் குடிப்பான், பொய் சொல்லக் கூடாது. எதிர்காத்துல நான் தெணறினா முன்னால போயி காத்த மறச்சிக்கினு, "மிதி மச்சான், மிதி"ம்பான். ரோட்டுல நான் அவனுக்கு மச்சான். அவன் தெருவுல, அவன் வூட்டாளுங்க எதிர்ல, "இன்னாப்பா." அத கவனிக்காத மாதிரியே ஒரு வருஷம் ஓட்டிட்டேன்.

காலனியிலேர்ந்து மெயின் ரோட்டுக்கு ரெண்டு வழி. ஊர்த்தெரு வழியா போனா அர கிலோமீட்டர். ஏரிக்கரை மேல சுத்தினா ரெண்டர. நான் எப்பவும் ஏரிக்கரைதான். போக ரெண்டு, வர ரெண்டு, நாளைக்கு நாலு கிலோமீட்டர் அதிகம். யாரு கேட்டாலும் ஒரே பதில் வெச்சிருந்தேன்: "கிலோமீட்டர் சேருதுல்ல?" அவனும் நம்பினான். பொண்டாட்டி நம்பல. அவ தினம் அந்தத் தெரு வழியாத்தான் பஸ்ஸுக்கு நடந்து போறா.

"என்ன எவன் கடிச்சான்? நீ கிலோமீட்டருக்கா சுத்தற? விழுந்தாலும் மீசையில மண்ணு ஒட்டலங்கற ஆளாச்சே நீ!"

அவகிட்ட ரெண்டு நாள் பேசல. நடந்து போறவங்கள அந்தத் தெருவுல எந்தக் காலத்துலயும் எவனும் ஒன்னும் சொன்னதில்ல. சைக்கிள் மேல ஒக்காந்து போறதுதான் குத்தம். அவ வேற ஊர்ல பொறந்தவ, அவளுக்கு அது தெரியாது.

எங்கப்பா அந்தத் தெரு முனையில, தேர் நிக்கற கொட்டாய் வந்ததும் சைக்கிள்லேர்ந்து எறங்கிடுவார். கடசி வூடு தாண்டற வரைக்கும் தள்ளிக்கினே போவார். சின்னப் புள்ளைங்கறதால என்ன எறக்க மாட்டார், நான் பின்னால கேரியர்ல ராஜா மாதிரி ஒக்காந்து வருவேன். "ஏம்பா எறங்கிட்ட?"ன்னு கேட்டா, "செயின் லூசா கீது நைனா. இங்க வந்தா கழண்டுக்கும்"பார். ரொம்ப வருஷம் நான் அந்தச் செயின நம்பிக்கினு இருந்தேன்.

ஏழாவது படிக்கும்போது ஒரு நாள், அப்பாவுக்குத் தெரியாம சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கினு போயி செயின டைட் பண்ணேன். எண்ணயும் வுட்டேன். இனிமே அவரு எறங்க வேணாமேன்னு எனக்கு ஒரே சந்தோஷம். அதே ஜோருல தெருவுக்குள்ள ஏறி மிதிச்சேன். ஈஸிசேர்ல கெடந்த ஒரு பெரியவர், எழுந்துக்கக் கூட இல்ல, "யார் வூட்டுப் புள்ளடா? எறங்கு"ன்னார். அவ்ளோதான். அடிக்கல, கை ஓங்கல. எறங்கினேன். எதிர் வூட்டு வாசப்படியில என் கிளாஸ் பையன் ஒருத்தன் முறுக்கு தின்னுக்கினு பாத்தான். அவன்தான் இவன்.

அந்தப் பெரியவர் செத்து எத்தினியோ வருஷமாச்சி. இப்ப எங்க பசங்க அந்தத் தெருவுல பைக்ல பறக்கறானுங்க, எவனும் வாயத் தொறக்கறதில்ல. இவன் அன்னிக்கி நின்னு பாத்தத மறந்துட்டான். மறக்கறதுக்கு அவனுக்கு வசதி கீது.

ஜனவரி ஒன்னாம் தேதி காலையில மெயின் ரோட்டு டீக்கடையில ரெண்டு பேரும் நம்பர எடுத்து வெச்சோம். அவன் நாலாயிரத்து எழுநூத்தி இருவது. நான் ஷிப்டுல மாட்டிக்கிற ஞாயித்துக்கெழமைல அவன் தனியா வாலாஜாபாத் வரைக்கும் போயி ஏத்திக்கினது அதுல சேத்தி. அப்பிடியும் நான்தான் முன்னால. டீக்கடைக்காரர் கிளாஸ கழுவிக்கினே, "அட, காலனிதான் பர்ஸ்டா?"ன்னார். அங்கதான் இவன் மூஞ்சி மாறிச்சி. போன எடுத்து கணக்கு தட்டிப் பாத்தான்.

"இரு மச்சான். நீ தினம் அந்த ஏரிக்கரை சுத்து சுத்தற இல்ல? நாளைக்கு நாலு. எரநூத்தி நாப்பது நாளு ஓட்டிக்கீற. தொள்ளாயிரத்து அறுவது. அத கழி. உனக்கு நாலாயிரத்து நூத்தி எம்பதுதான். நான்தான் பர்ஸ்ட்."

"அதுவும் நான் மிதிச்சதுதானடா?"

"மிதிச்ச, யாரு இல்லன்னா? ஆனா அது ரூட்டே இல்லியே. நேரா தெரு கீது. எவன் உன்ன சுத்தி வரச் சொன்னான்?"

கடையில நாலு பேர் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அவன் கேட்டது கூட ஆறிடும், நான் சிரிச்சது இன்னிக்கும் ஆறல. உன் எதிர் வூட்டுப் பெரியவர்தான்டா சொன்னாரு, நீ முறுக்கு தின்னுக்கினு நின்னியேடான்னு கேட்டிருக்கணும். டீய குடிச்சிட்டு வூட்டுக்கு வந்தேன், அதே ஏரிக்கரை வழியா.

கம்பிய மடியில வெச்சிக்கினு ஒவ்வொரு தாளா பாத்தேன். அவன் கணக்குல ஒரு தப்பும் இல்ல. என் இஷ்டத்துக்கு மிதிச்சேன்னு மார் தட்டிக்கினு இருந்த நம்பர்ல, கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு, செத்துப் போன ஒரு ஆளுக்கு பயந்துக்கினு மிதிச்சது. தூ, இதுவும் ஒரு பொழப்பா! அப்பா மூட்டையோட எறங்கித் தள்ளினார். நான் கியர் சைக்கிள்ல, ஹெல்மெட் போட்டுக்கினு, அதே வேலைய சுத்து வழியில பண்ணியிருக்கேன்.

நாளைக்கு நேர் வழியில போறதுன்னு முடிவு பண்ணேன். புது வருஷம், மீட்டர்ல சைபர். செயினுக்கு எண்ண வுட்டேன், ரெண்டு சக்கரத்துக்கும் காத்து அடிச்சேன். அமுக்கிப் பாத்தா கல்லு மாதிரி இருந்துச்சி. மறுநாள் நல்லா வெளிச்சம் வந்தப்பறம்தான் கெளம்பினேன், நாலு பேரு பாக்கட்டும்னு. பொண்டாட்டி வாசல் வரைக்கும் வந்து நின்னா.

தூரத்துலேர்ந்தே தெரு முழுக்க தெரியுது. ஒருத்தர் கேனத் தூக்கிக்கினு பால் ஊத்தப் போறார், ஒரு நாய் படுத்திருக்கு. எவனும் என்ன திரும்பிக் கூட பாக்கல. ஈஸிசேர் கெடந்த வாசல்ல இப்ப டைல்ஸ் ஒட்டி ஒரு கார் நிக்குது. நான் வேகமாத்தான் வந்தேன். தேர் கொட்டாய் வந்துச்சி. பிரேக் புடிச்சது என் கைதான், எறங்கினது என் காலுதான், ஆனா சத்தியமா நான் எறங்கணும்னு நெனைக்கல. நாலு அடி தள்ளினப்பறம்தான் எனக்கே தெரிஞ்சிது. ஏறுடா, ஏறித் தொலடான்னு உள்ளுக்குள்ள கத்தறேன், கால் எழும்பல.

அவன் வாசப்படியில நின்னு பல்லு வெளக்கிக்கினு இருந்தான். பக்கத்துல அவங்கப்பா பேப்பர் படிச்சிக்கினு இருந்தார். அவன் என்ன பாத்தான், சைக்கிள பாத்தான். நொரையத் துப்பிட்டு, நெஜமாவே கவலப்பட்டு கேட்டான்.

"இன்னாப்பா, பஞ்சரா?"

"ஆமா"ன்னேன். கடசி வூடு தாண்டற வரைக்கும் தள்ளிக்கினே போனேன். மீட்டர் அந்தத் தூரத்தையும் எண்ணிக்கினே வந்துச்சி.